சூடுவெள்ளம் பிச்சையா

சாலைக் கடைத்தெருவில் நமசிவாயம் அண்ணாச்சியின் குழாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது பிச்சையாவுக்கு இருபத்திரண்டு வயது. பாறசாலையிலிருந்து காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரம் வருவார். பொழுது சாய்ந்ததும் அதே வண்டியில் திரும்புவார். குழாய் அறுப்பது, மரை போடுவது, யார் வீட்டிலாவது மோட்டார் வேலை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்து வருவது என்று பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. அதிகம் பேசமாட்டார். ஒரு சாமானை ‘நல்லது’ என்று அவர் சொல்லிவிட்டால் வாங்க வந்தவன் அப்புறம் விலை பேசமாட்டான். கடையில் அவருக்கிருந்த சொத்து அந்த ஒரு சொல்தான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஒரு கம்பெனி ஆள் வந்து அண்ணாச்சியிடம் ஒரு மணி நேரம் பேசினான். வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சாதனம். கறுப்புப் பூச்சு பூசிய தகடு, அதன் அடியில் செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி மூடி, தலைமாட்டில் பஞ்சு சுற்றிய தொட்டி. மின்சாரம் வேண்டாம், விறகு வேண்டாம். அண்ணாச்சிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. கமிஷன் எவ்வளவு என்பது மட்டும் ஏறியது. மாதிரிக்கு ஒன்றை வாங்கிக் கடையின் மொட்டைமாடியில் வைத்தார்.

“ஏலே பிச்சையா, இத நீ பாத்துக்க. வித்தா ஒனக்கு ஒரு பங்கு உண்டு” என்றார்.

பிச்சையா அதை மாடியில் தனியாக நின்று பார்த்தார். எங்கும் சத்தம் இல்லை. சுழலுவது, தேய்வது என்று ஒரு பாகமும் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது, குளிர்ந்தது கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். இவ்வளவு எளிமையாக ஒரு சாமானை மனிதன் செய்யமுடியுமா என்று அவருக்கு வியப்பு. ஊருக்குப் போய் மனைவி எலிசாளிடம் இதையே சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னார்.

“நல்லதுதான். யாரு வாங்குவா?” என்று கேட்டாள் எலிசாள்.

அவள் கேட்டதுதான் நடந்தது. ஒரு வருஷம் பிச்சையா லாட்ஜ், ஓட்டல், ஆஸ்பத்திரி என்று படியேறி இறங்கினார். அச்சடித்த காகிதங்களைக் காட்டினார். மின்சார பில் குறையும் என்றார். வெயிலுக்குக் காசு கிடையாது என்றார். தம்பானூரில் ஒரு லாட்ஜ் முதலாளி விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டே, “நம்ம ஊர்ல மனுஷன் பச்சைத்தண்ணியில குளிச்சே வேர்க்குது, சூடுவெள்ளம் என்னத்துக்கு?” என்று கேட்டார். வெந்நீருக்கு அந்த ஊர்ப் பேச்சான ‘சூடுவெள்ளம்’ என்பதையே கடைப் பையன்கள் அவருக்குப் பெயராக வைத்தார்கள். ஒன்றுகூட விற்கவில்லை.

அண்ணாச்சி கடையின் கணக்குகளைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் கல்யாணராமன் வருவார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். ஆடிட்டர் ஆபீஸில் இருபத்தைந்து வருஷ வேலை. ஆடிட்டர் பரீட்சை மட்டும் அவருக்குத் தேறவில்லை. சட்டம் என்னவோ அவருடைய ஆடிட்டரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று சாலைக் கடைத்தெருவில் பேச்சு. ஒரு சனிக்கிழமை அவர் பிச்சையாவின் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஓய் பிச்சையா, ஒரு வருஷமா நீர் என்னத்தை வித்துண்டிருக்கீர்?”

“சூடுவெள்ளந்தான் சாமி.”

“அதான் தப்பு. வெந்நீர் எவனுக்கு வேணும்? நீர் தேய்மானத்தை வித்துப் பாரும்.”

பிச்சையாவுக்கு விளங்கவில்லை. கல்யாணராமன் அவரை உட்காரவைத்துச் சொன்னார். “ஒருத்தன் வியாபாரத்துக்கு மிஷின் வாங்கறான்னு வெச்சுக்கும். வருஷா வருஷம் அது இவ்வளவு தேய்ஞ்சதுன்னு எழுதி லாபத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். மத்த மிஷினுக்கெல்லாம் நூத்துக்கு இருபத்தஞ்சு. சூரியன்ல வேலை செய்யற சாமானுக்கு நூத்துக்கு நூறு. வாங்கின வெலை அத்தனையும் கழிச்சாச்சு. அதுக்கு வரியே கிடையாது. பத்து ரூபா செலவழிச்சா நாலு ரூபா வரி மிச்சம்.”

“புதுசு வாங்குன ஒடனே எப்படி சாமி முழுசும் தேயும்? இருபது வருஷம் கெடக்குமே.”

“உம்மோட தகடு தேயாது ஓய். காகிதத்துல தேயும். அதாக்கும் சூட்சுமம். செப்டம்பர் முடியறதுக்குள்ள மாட்டிட்டா முழுசும் இந்த வருஷமே. மார்ச்சுக்குள்ள மாட்டினா பாதி இந்த வருஷம், மீதி அடுத்த வருஷம். லாபம் பண்றவன் யாருன்னு பார்த்துப் போய்ச் சொல்லும்.”

பிச்சையா அதை ஒரு பாட்டுப் போல மனப்பாடம் செய்தார். முழுக்கப் புரிந்துதான் சொன்னார் என்று சொல்லமுடியாது. ஆனால் பிப்ரவரிக் கடைசியில், விசிறியால் முதுகு சொறிந்த அதே லாட்ஜ் முதலாளியிடம் போய்ச் சூடுவெள்ளம் என்ற வார்த்தையையே எடுக்காமல் தேய்மானத்தைச் சொன்னார். முதலாளி விசிறியைக் கீழே வைத்தார். தன் ஆடிட்டருக்குப் போன் செய்தார். பத்து நிமிஷத்தில் ஐந்நூறு லிட்டர் சாதனம் ஒன்று விற்றுவிட்டது.

“எங்க வைக்கணும்?” என்று கேட்டார் முதலாளி.

“மேல, தெக்குப் பாத்து. அங்கேருந்து ரூமுக்கு பைப்பு இழுக்கணும்.”

“பைப்பை நாங்களே பாத்துக்கறோம். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள காகிதம் குடுத்தாப் போதும்.”

அந்த மார்ச்சில் நாலு விற்றன. அடுத்த செப்டம்பரில் மூன்று. பிறகு ஒரு ஆடிட்டர் சொல்லி இன்னொரு ஆடிட்டர் என்று பேச்சுப் பரவியது. திருவனந்தபுரத்தில் வருஷம் முழுக்க வெயில் காய்ந்தாலும் பிச்சையாவுக்கு அறுவடை செப்டம்பரிலும் மார்ச்சிலும்தான். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மாடி ஏறுவார். தொட்டியைப் பொருத்தி, தண்ணீர் விட்டு, பக்கத்திலேயே ஒரு சோதனைக் குழாய் வைத்து, வெயில் ஏறியதும் அதைத் திறந்து பார்ப்பார். ஆவி வரும். அதன் பிறகு கம்பெனிக் காகிதத்தில், இன்ன தேதியில் பொருத்தி, இயக்கிப் பார்த்து, பயன்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது என்று எழுதி, பி. பிச்சையா என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போடுவார். வருமானவரி ஆபீசுக்குப் போகிற காகிதம் அது. தன் கையெழுத்தை நம்பி சர்க்கார் லட்சக்கணக்கில் வரியை விட்டுக்கொடுக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம்.

பெரும்பாலான இடங்களில் கையெழுத்துப் போடும் நாளில் குளியலறைக்குக் குழாய் போயிருக்காது. அவருக்கு அது தெரியும். பிறகு போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொள்வார். தன் மனச்சமாதானத்துக்காக ஒவ்வொரு வால்விலும் ஒரு தகரத் துண்டைக் கட்டி, ‘இதை அடைக்கக் கூடாது’ என்று மலையாளத்திலும் தமிழிலும் பெயிண்டால் எழுதிவைப்பார்.

கமிஷன் பணம் வந்தது. பாறசாலையில் வீட்டின் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார். மகள் பிஜியை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்ற சாமானில் ஒரு குறை என்று யாரும் வந்து நின்றதில்லை. மோட்டார் விற்றால் மூன்றாம் மாதம் ஆள் வந்துவிடுவான். இதற்கு ஐந்து வருஷத்தில் ஒரு போன்கூட இல்லை. “நம்ம கைவேல அப்படி” என்று ஞாயிறு ஆராதனை முடிந்து சபையில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரியில் எலிசாளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. மெடிக்கல் காலேஜ் போகும் வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே தொண்ணூற்றாறு மார்ச்சில் அவர் ஆயிரம் லிட்டர் சாதனம் வைத்திருக்கிறார். அவர் மாட்டியதிலேயே பெரியது அதுதான். ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டருக்கு அவரை நினைவிருந்தது. செலவில் கொஞ்சம் குறைத்தார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில் எலிசாள் உடம்பு துடைக்கவேண்டும் என்றாள்.

“இரி, நம்ம சூடுவெள்ளம் இருக்குல்ல” என்று பிச்சையா பக்கெட்டோடு குளியலறைக்குப் போனார். ஒரு குழாய்தான் இருந்தது. திறந்தார். குளிர்ந்த தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். அப்படியேதான் வந்தது. வெளியே வந்து, வார்டில் மேஸ்திரி போல நடமாடிக்கொண்டிருந்த ஷீனா என்ற நர்ஸிடம் கேட்டார்.

“சூடுவெள்ளமா? கேட்டுக்கு வெளிய சரசம்மா சேச்சி கடை இருக்கு. ஒரு பிளாஸ்க் ரெண்டு ரூபா. பக்கெட்டுன்னா அஞ்சு” என்றாள் அவள்.

“மேல ஒரு சாதனம் இருக்கே, அதுலேருந்து வரலியா?”

ஷீனாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

வாசலில் இருபது பேர் நின்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கு, கிழவருக்கு, கால் ஒடிந்தவனுக்கு என்று ஆளாளுக்குக் கையில் ஒரு பாத்திரம். சரசம்மா என்ற நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெண்பிள்ளை பெரிய அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றிக் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிச்சையாவும் வரிசையில் நின்று ஐந்து ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார். எலிசாளிடம் கொண்டு வைத்துவிட்டு நேரே மாடிக்கு ஏறினார்.

தகடுகளின் கண்ணாடி மேல் நாலு வருஷத்துத் தூசி. இரண்டு தகடுகளுக்கு நடுவே நைலான் கயிறு கட்டி ஆஸ்பத்திரி விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள். தொட்டியை விரலால் தட்டினார். வெறும் தொட்டியின் ஓசை. தண்ணீர் உள்ளே வரும் வால்வு இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. அதில் அவர் கட்டிய தகரத் துண்டு துருப்பிடித்துத் தொங்கியது. எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருந்தது. தொட்டியிலிருந்து கீழே போகவேண்டிய குழாய் ஒன்றரை அடியோடு நின்று, வாயில் ஒரு மூடி திருகியிருந்தது. அந்த மூடியைத் திருகியவர் அவர்தான்.

ஐந்து வருஷமாக ஏன் ஒரு குறையும் வரவில்லை என்பது அந்த இடத்தில் அவருக்கு விளங்கியது. விரிப்புகளுக்கு நடுவே ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கீழே வந்தபோது எலிசாள் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

“என்ன, யாராவது செத்துட்டாங்களா?”

“வெள்ளம் அதுல ஒரு நாளுதான் ஓடியிருக்கு” என்றார். “நான் கையெழுத்துப் போட்ட அண்ணைக்கு.”

எலிசாள் வீட்டுக்கு வந்து தேறிய பிறகு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தான் மாட்டிய இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். நாற்பத்தொரு இடம். சர்வீஸ் என்று சொல்லி மாடிக்குப் போவார். பதினொன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆறில் ஏதோ பேருக்கு ஒரு குழாய். மீதி இருபத்துநாலும் காய்ந்து கிடந்தன. ஒரு லாட்ஜில் தொட்டிக்கு அடியில் நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு இடத்தில் மானேஜர் ரதீஷ் என்பவன், “அது ஆடிட்டர் வாங்கச் சொன்ன சாதனம் அண்ணா. வெள்ளம் காய்ச்ச ஹீட்டர் தனியா இருக்கு” என்று வெள்ளந்தியாகச் சொன்னான்.

கல்யாணராமனின் ஆபீஸுக்குப் போனார். கோப்புகளுக்கு நடுவே அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிச்சையா எல்லாவற்றையும் சொன்னார்.

“சரி, இப்ப என்னாச்சு?” என்றார் கல்யாணராமன். “அந்தக் கையெழுத்து யாரோடது?”

“எனக்கதுதான்.”

“பொய்க் கையெழுத்தா?”

“இல்ல சாமி. அண்ணைக்கு ஓடிச்சு. ஆவி வந்திச்சு. கண்ணால பாத்துட்டுத்தான் போட்டேன்.”

“அவ்வளவுதான். சட்டத்துக்கு அது போறும். கவர்மென்ட் வாங்கறதுக்குச் சலுகை குடுத்தது. குளிக்கறதுக்கா குடுத்தது?”

கல்யாணராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “இத்தனை ஃபைல் நான் எழுதியிருக்கேன். ஒரு மாடியும் ஏறிப் பார்த்ததில்லே ஓய். எனக்கும் தெரியாது” என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் பிச்சையா பயந்துகொண்டேதான் பேசினார். டாக்டர் கோபப்படவில்லை. வெட்கப்பட்டார் என்றும் சொல்லமுடியாது. “வார்டு வார்டா பைப் போட இப்ப கையில பணமில்ல. செலவில்லாம உங்களால எதாவது முடிஞ்சா செய்யுங்க” என்றார். அது போதும் என்று பிச்சையாவுக்குப் பட்டது. நாலு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஊரிலிருந்து கிளம்பி வந்தார். தகடுகளைக் கழுவினார். அண்ணாச்சி கடையில் மிச்சம் விழுந்த துண்டுக் குழாய்களை இணைத்து, சாக்கும் கயிறும் சுற்றி, பின்முற்றம் வரைக்கும் ஒரே ஒரு குழாயை இறக்கினார். அங்கே தண்ணீர் பிடிக்க இரண்டு பைப் வைத்தார். ஐந்தாம் ஞாயிறு மத்தியானம் ஷீனாவே வந்து முதல் பக்கெட்டைப் பிடித்தாள். தொட்டியில் மிஞ்சியது மறுநாள் காலை வரைக்கும் சூடாகவே இருந்தது. ஒரு வாரத்துக்குள் வாசலில் நின்ற வரிசை பின்முற்றத்துக்கு மாறிவிட்டது.

அடுத்த ஞாயிறு பிச்சையா சாயா குடிக்கப் போனபோது சரசம்மா கிளாஸை மேசையில் சற்று அழுத்தி வைத்தாள்.

“அண்ணன்தான வெள்ளம் கொண்டு வந்தது?”

“ஆமா.”

“நல்ல காரியம். புண்ணியம் கிட்டும். எனக்க கடையில தெனம் எண்பது ரூபா நூறு ரூபா வெள்ளத்துலதான் வந்துது. சாயாவுல என்ன கிட்டும்? பிள்ளையளுக்கு ஃபீசு கட்டுனது வெள்ளக் காசுல. இனி கட்டவேண்டாம்.”

அவள் சத்தம் போடவில்லை. பிச்சையா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுக் காசு கொடுத்து எழுந்தார். வீட்டில் சொன்னபோது எலிசாள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

“ஒரு பாவத்தக் கழுவப் போயி ஒருத்திக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கிய. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா மொதல்ல?”

கேட்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் வேலைக்கு நடுவில் சரசம்மாவிடம் போய், தன்னால் ஏதாவது ஆகுமா என்று கேட்டார். அவள் அதற்குள்ளேயே யோசித்து வைத்திருந்தாள். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நோயாளிகளுக்குக் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பின்முற்றத்தில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேசை போட டாக்டர் இடம் கொடுத்தால் கஞ்சியும் பயறும் விற்கலாம். மழைக்காலத்தில் எப்படியும் வெயில் சாதனம் காலை வாரிவிடும்; அப்போது சூடுவெள்ளத்துக்கும் தன்னிடம்தான் வரவேண்டும். “அந்த மேசைக்கு இடம் வாங்கித் தாங்க. அது உங்க கடன்” என்றாள். பிச்சையா டாக்டரிடம் மூன்று தடவை நடந்தார். மூன்றாம் தடவை இடம் கிடைத்தது. கஞ்சி வியாபாரம் நடந்தது. ஆனாலும் சரசம்மா அவரிடம் பழைய நூறு ரூபாயின் வருத்தத்தை விடவில்லை. ஷீனாவுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் எட்டணா குறைத்துக் கொடுப்பவள், பிச்சையாவிடம் மட்டும் சாயாவுக்கு முழுக் காசு எண்ணி வாங்கினாள்.

இரண்டாயிரத்து இரண்டில் சர்க்கார் தேய்மானத்தை நூறிலிருந்து எண்பதாகக் குறைத்தது. மார்ச்சில் மாட்டுகிறவனுக்கு அந்த வருஷம் நாற்பதுதான். அந்த இருபது சதவீதத்தில் வாங்குகிறவர்களின் ஆசையே போய்விட்டது. மார்ச் வந்தது, ஒரு போனும் வரவில்லை. அண்ணாச்சி மொட்டைமாடியிலிருந்த மாதிரிச் சாதனத்தைப் பழைய செம்பு விலைக்குப் போட்டுவிட்டார்.

“ஏலே, குழாய்க் கடையில ஒனக்கு எப்பவும் எடமுண்டு” என்றார்.

பிச்சையா இரண்டு நாள் யோசித்தார். நாற்பத்துநாலு வயது. மகள் நர்ஸிங் படிக்க ஆரம்பித்திருந்தாள். கடைசியில், காய்ந்து கிடக்கும் தொட்டிகளை ஓடவைக்கும் வேலையைத் தனியாகச் செய்கிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணாச்சி மரை போடும் கருவி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். போகாதே என்றும் சொன்னார்.

முதல் வருஷம் கஷ்டம்தான். “கணக்குல அது எப்பவோ தேஞ்சு முடிஞ்சு போச்சே, அதுக்கு இனி எதுக்குச் செலவு?” என்று ஒரு முதலாளி கேட்டார். பிச்சையா அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தகட்டைத் துடைத்துக் காட்டினார். வியாபார இடங்களுக்கு மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அதுதான் கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது. தேய்மானத்துக்கு வாங்கிய தொட்டிகளை ஆட்கள் மின்சார பில்லுக்காகத் திறக்க ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்தில் இருபத்துநாலில் பதினாறை ஓடவைத்தார். மீதியில் சிலவற்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள். இரண்டு லாட்ஜுகள் இடிந்தே போயின.

அந்தச் சமயத்தில் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் பெருகி, பெண்பிள்ளைகள் தங்க விடுதிகள் எழும்பின. இரண்டாயிரத்து ஆறில் கரமனையைச் சேர்ந்த பத்மஜா என்ற அம்மாள் அங்கிருந்த தன் நிலத்தில் நாலு மாடி விடுதி கட்டினார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வியாபாரத்துக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனம் வைத்தால் வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும், சர்க்கார் மிச்ச வட்டியைக் கட்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. அதற்கான வேலை பிச்சையாவுக்குக் கிடைத்தது. தகடுகள் மார்ச் இருபத்தைந்தில் மாடியில் ஏறிவிட்டன. குளியலறைகள் பதினாறு, அவற்றுக்குக் குழாய் போகவில்லை. சுவர் பூச்சே முடியவில்லை.

பத்மஜா காகிதத்தோடு வந்தார். “பிச்சையா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள குடுக்கணுமாம். பாங்க்ல சொல்லிட்டா.”

“வெள்ளம் ஓடலியே அம்மா.”

“அடுத்த மாசம் ஓடப்போறது. நான் என்ன ஏமாத்தவா போறேன்?”

“நீங்க ஏமாத்த மாட்டிய. நான் முன்னால இப்படி நம்பிப் போட்டிருக்கேன். அடுத்த மாசம் வரவே இல்ல.”

பத்மஜாவுக்கு முகம் சிவந்தது. இத்தனை வயசில் தன்னைப் பார்த்து ஒருவன் இப்படிச் சொல்வதா என்று இருந்தது. வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றார். பிச்சையா கருவிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். அந்த வேலை போனால் மகளின் கடைசி வருஷ ஃபீசுக்கு வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

பத்மஜா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வகுப்பில் எத்தனையோ பிடிவாதங்களைப் பார்த்த அம்மாள். கடைசியில் கேட்டார்: “பதினாறு குளியலறைக்கு எத்தனை நாள் ஆகும்?”

“ரெண்டு ஆளு கூடக் கிட்டினா அஞ்சு நாள்.”

“பையைக் கீழ வையுங்கோ. ஆளை நான் கொண்டு வரேன்.”

மேஸ்திரியோடு சண்டைபோட்டு இரண்டு பிளம்பர்களைக் கொண்டுவந்தார். மணல் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் எல்லாருக்கும் கரமனையிலிருந்து சாம்பார் சாதம் வந்தது. பிச்சையா கீழ்மாடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக மேலே போனார். முப்பத்தொன்றாம் தேதி பகல் இரண்டு மணிக்குப் பதினாறாவது குளியலறையில் குழாய் மாட்டி முடிந்தது.

மூன்று மணிக்கு வங்கியிலிருந்து சஜி என்ற இளம் அதிகாரி வந்தான். மாடியேறித் தகடுகளை எண்ணினான். தொட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டான். “சரி, முடிஞ்சுது” என்று பேனாவை எடுத்தான்.

“சார், கீழ வந்து வெள்ளத்தத் தொட்டுப் பாருங்க” என்றார் பிச்சையா.

“அது ஃபார்மில இல்லையே அண்ணா.”

“இல்லதான். ஒரு நிமிஷம் வாங்க.”

முதல் மாடிக் குளியலறையில் குழாயைத் திறந்தார். முதலில் காற்று வந்து குழாய் இருமியது. பிறகு சிமெண்டு கலங்கிய தண்ணீர். பிறகு தெளிந்தது. சஜி கையை நீட்டினான், சட்டென்று இழுத்துக்கொண்டான். பத்மஜா வாசலில் நின்று சிரித்தார். சஜி விரலை ஊதிக்கொண்டே காகிதத்தில் எழுதினான். படிவத்தின் ஓரத்தில், கேட்காத ஒரு வரியையும் சேர்த்து எழுதினான்: குளியலறையில் பரிசோதிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு கழக்கூட்டத்தில் ஏழு விடுதிகளின் வேலை அவருக்கு வந்தது. பத்மஜா சொல்லி வந்தவை பாதி. பணம் பெரிதாகச் சேர்ந்துவிடவில்லை. மகள் நர்ஸிங் முடித்து வேலைக்குப் போனாள். படியேறிப் படியேறி முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம் என்று எலிசாள் சொல்லுவாள். கல்யாணராமன் ஓய்வு பெற்றபின் ஒருநாள் ஆட்டோவில் வந்து விடுதி ஒன்றின் மாடியைப் பார்த்துவிட்டுப் போனார். மூச்சு வாங்க ஏறினார். தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சின்னதா இருக்குமா இது? நான் பெரிசா நெனைச்சுண்டிருந்தேன்” என்றார்.

இரண்டாயிரத்து எட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருநாள் பிச்சையா எலிசாளையும் கழக்கூட்டத்தில் ஒரு விடுதிக்குக் கூட்டிப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் மாட்டியதில் ஒன்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மாடியில் நின்று நெடுஞ்சாலையின் நெரிசலையும் கண்ணாடிக் கட்டிடங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுல என்ன செய்யுவிய இப்போ?” என்று கேட்டாள்.

“தகட்டக் கழுவணும். அரை மணி நேரம் வெள்ளத்த அடைக்கணும்.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போகாத ஒரு பெண், தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக எட்டிப் பார்த்தாள். “அங்கிள், அடைக்கப் போறீங்களா? நான் இன்னும் குளிக்கல” என்றாள்.

“நீ போய்க் குளி மக்கா. நான் இருக்கேன்” என்றார் பிச்சையா.

வாளியை ஓரமாக வைத்துவிட்டு, எலிசாளுக்கு நிழலில் இடம் பார்த்துக் கொடுத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் நன்றாக முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.